கரையைக் கடந்த புயல் நம்மைக் கடக்கவில்லை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஊத்தங்கரைப் பக்கத்துக் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்த பிறகு குழுவில் சேர்ந்து, கணக்கு எழுதக் கத்துக்கிட்டு, இன்னைக்கு ஊக்குநரா இருக்கேன். ஆண்டு விழாவில் ஏதாவது ஒரு விஷயம் பத்திப் பேசணும்னு தலைவி அக்கா சொன்னாங்க. சேமிப்பைப் பத்தியும் கடனைப் பத்தியும் எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லாவே சொல்லிட்டாங்க. நான் மழையைப் பத்திப் பேசப் போறேன். 2024 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி பெய்ஞ்ச மழை. இங்கே உட்கார்ந்திருக்கிற யாருக்கும் அந்த ராத்திரி மறந்திருக்காது. ஆனால் அந்த மழை ஏன் வந்தது, அதில் நாம் என்ன இழந்தோம், அந்த இழப்பு யார் கணக்கில் ஏறியது, யார் கணக்கில் ஏறவில்லை என்று நாம் இன்னும் ஒண்ணா உட்கார்ந்து பேசவே இல்லை. அதைத்தான் இன்னைக்குப் பேசணும்.

புயல்னா நம்ம ஊரில் என்ன நினைப்போம்? அது கடலோரத்துக்காரங்க கஷ்டம் என்று நினைப்போம். 2011இல் தானே புயல் வந்து கடலூரில் பலா மரம், முந்திரி மரம் எல்லாம் சாய்ஞ்சதை டிவியில் பார்த்தோம். 2018இல் கஜா புயல் வந்து வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை மரங்கள் எல்லாம் படுத்துக்கிட்டதைப் பார்த்து அழுதோம். நம்ம குழுக்களில் கூட அரிசியும் துணியும் சேர்த்து அனுப்பினோம். நாம் கொடுக்கிற பக்கம் இருந்தோம். நமக்கும் கடலுக்கும் ரொம்ப தூரம். நம்ம பக்கம் குடிதண்ணிக்குத்தான் சண்டை, வெள்ளத்துக்கு இல்லை என்றுதான் பெரியவங்களும் சொல்லுவாங்க.

ஃபெஞ்சல் புயல் அந்த நினைப்பை மாத்திடுச்சு. அந்தப் பேரை வைத்தது சவுதி அரேபியா நாடு. புயலுக்குப் பேர் வைக்க நாடுகள் வரிசையா ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அந்தப் புயல் 2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 70, 80 கிலோமீட்டர் வேகம். கஜா அளவுக்குப் பெரிய காற்று இல்லை. டிவியில் "புயல் கரையைக் கடந்தது" என்று போட்டவுடனே நம்ம பக்கம் பல வீடுகளில் டிவியை நிறுத்திட்டுப் படுத்தாங்க. புயல் முடிஞ்சது என்றுதான் எல்லாரும் புரிஞ்சுக்கிட்டாங்க. அந்த வார்த்தைக்கு அப்படித்தானே அர்த்தம் வருது!

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் புயல் எங்கேயும் போகவில்லை. புதுச்சேரி பக்கத்திலேயே பல மணி நேரம் நகராமல் நின்னுது. அப்புறம் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகி, அப்புறம் தாழ்வு மண்டலமாகி, மெதுவா மேற்கே நம்ம பக்கம் நகர்ந்தது. திங்கட்கிழமை காலையில் அது வட தமிழ்நாட்டின் உள் மாவட்டங்கள் மேலேதான் இருந்தது. அதுக்கு அப்புறம் அரபிக்கடல் பக்கம் போய்ச் சேர்ந்தது. அதாவது கிழக்குக் கடலில் இருந்து மேற்குக் கடலுக்குப் போற வழியில் நம்ம தலைக்கு மேலே தங்கிட்டுப் போயிருக்கு.

ஞாயிறு காலை எட்டரை மணியில் இருந்து திங்கள் காலை எட்டரை மணி வரைக்கும் ஊத்தங்கரையில் பெய்த மழை 50 சென்டிமீட்டர். புயல் நேரா மோதின புதுச்சேரியில், அதுக்கு முந்தின நாள் கணக்கில் 49 சென்டிமீட்டர். கடற்கரையில் இருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நமக்கு, கடலோரத்தில் பெய்த அளவுக்கே பெய்திருக்கு. நம்ம மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யற மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் பெய்தது.

50 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு என்று எனக்கும் முதலில் புரியவில்லை. முழங்கால் அளவு தானே என்று தோணும். என் பெரிய பொண்ணு ஒன்பதாவது படிக்கிறாள், அவள்தான் கணக்குப் போட்டுக் காட்டினாள். பத்துக்குப் பத்து அடி ரூம் ஒண்ணு இருந்தால், அந்தக் கூரை மேல மட்டும் விழுந்த தண்ணி 4,600 லிட்டர். அதாவது ஆயிரம் லிட்டர் தண்ணி டேங்க் நாலரை. ஒரு ஏக்கர் நிலத்து மேல விழுந்தது 20 லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் தண்ணி லாரி 200 வண்டியை ஒரே நாளில் ஒரு ஏக்கரில் கொட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்துச்சு. இப்போ நம்ம ஊர் ஏரிக்குத் தண்ணி வர்ற காடு, மேடு, கொல்லை எல்லாம் எத்தனை ஏக்கர் இருக்கும், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

காற்று குறைஞ்ச பிறகு மழை எப்படி வருது என்று நிறைய பேர் கேட்டாங்க. நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். புயலுக்குப் பலம் கொடுக்கிறது கடல். சூடான கடல் தண்ணியில் இருந்து ஏறுற ஆவிதான் அதுக்குத் தீனி. தரைக்கு வந்ததும் அந்தத் தீனி கிடைக்காது, காற்று அடங்கிடும். ஆனால் ஏற்கெனவே சேர்த்து வைத்த ஈரம் எங்கே போகும்? நாம் இட்லி வேக வைக்கிறோம். அடுப்பை அணைச்ச உடனே பானையில் இருக்கிற ஆவி காணாமல் போயிடுதா? மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குது இல்லையா? அந்த மாதிரிதான். அடுப்பு அணைஞ்சிருக்கும், ஆவி உள்ளே இருக்கும். அதோட அந்தத் தாழ்வு மண்டலம் தரை மேல இருந்தாலும், அதைச் சுத்துற காற்று கிழக்கே வங்காள விரிகுடாவில் இருந்து இன்னும் ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். அந்த ஈரக்காற்று ஜவ்வாது மலை, சித்தேரி மலை, கல்வராயன் மலை மாதிரி மலைகளில் மோதி மேலே ஏறினால் குளிர்ந்து மழையாகக் கொட்டிடும். புயல் வேகமாகப் போனால் மழை பல ஊருக்குப் பிரியும். மெதுவாகப் போனால் ஒரே ஊரில் கொட்டும். அதனால காற்று வேகம் குறைஞ்சிருச்சு என்ற செய்தி நமக்கு நல்ல செய்தி கிடையாது. புயல் மெதுவாப் போகுது என்ற செய்திதான் நாம் பயப்பட வேண்டியது.

கடலோரத்தில் புயல் பாதுகாப்பு மையம் கட்டி வைத்திருக்கிறார்கள். மீனவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி படகைக் கரைக்கு ஏத்த வைக்கிறார்கள். துறைமுகத்தில் கூண்டு ஏத்துறாங்க. நமக்கு அந்த மாதிரி எதுவும் பழக்கம் இல்லை. நம்ம ஊர் ஓடை வருஷத்தில் பத்து மாசம் காய்ஞ்சு கிடக்கும். அதில் மாடு கட்டுவோம், வைக்கோல் போர் போடுவோம், சில இடத்தில் வீடே கட்டியிருக்கோம். ஒரு ஏரி நிறைஞ்சால் கோடி போய் அடுத்த ஏரிக்கு வரும், அது நிறைஞ்சால் அதுக்கு அடுத்த ஏரிக்குப் போகும். அந்தக் காலத்தில் அப்படித்தான் வெட்டி வைத்தார்கள். ஆனால் கோடி போற வழியெல்லாம் இப்போ அடைஞ்சு கிடக்கு. மேல் ஏரிக்காரங்க ஊரில் நடக்கிறது கீழ் ஏரிக்காரங்களுக்குத் தெரியறதுக்குள்ளே தண்ணி வந்துடும்.

அன்னைக்கு எங்க ஊரில் நடந்ததும் அதுதான். அமாவாசை ஒட்டின ராத்திரி, கை நீட்டினால் கை தெரியாத இருட்டு. சாயங்காலமே கரண்ட் போச்சு, கொஞ்ச நேரத்தில் செல்போனில் டவரும் போச்சு. எங்க குழுவுக்கு வாட்ஸ்அப் இருக்கு, அந்த நேரத்துக்கு அது உதவலை. ராத்திரி ஒரு மணி இருக்கும், ஏரிக்கரையை ஒட்டி இருக்கிற ஒரு அக்கா வந்து, "கோடியில தண்ணி சத்தம் மாறிடுச்சு, எல்லாரையும் எழுப்புங்க" என்று கதவைத் தட்டினாங்க. அவங்க அந்த ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவங்க. சத்தத்தை வைத்தே தெரியும்.

எங்க குழுவில் பன்னிரண்டு பேர். நாலு நாலு பேராப் பிரிஞ்சு, எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கிட்டு வீடு வீடாகத் தட்டிக்கிட்டே போனோம். மழைச் சத்தத்தில் குரல் கேக்காது, தட்டுச் சத்தம் கேக்கும். பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கு, அங்கே போகலாம்னு பார்த்தால் பூட்டு. சாவி வைத்திருக்கிறவர் டவுனில் இருக்கார். பூட்டை உடைக்கப் பயந்து எல்லாரையும் மாரியம்மன் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். நாப்பது பேருக்கு மேல அங்கே நின்னாங்க. உட்கார இடம் இல்லை. ஒரு மாசக் கைக்குழந்தை ஒண்ணு, நடக்க முடியாத பாட்டி ரெண்டு பேர்.

எல்லாரும் வந்துட்டாங்களா என்று எப்படிப் பார்க்கிறது? அந்த இருட்டில் எங்களுக்குக் கை கொடுத்தது குழுவோட வருகைப் பதிவேடு. வாராவாரம் கூப்பிடுற பேர் வரிசை எனக்கு மனப்பாடம். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், "இருக்கேன் அக்கா", "இருக்கேன்" என்று பதில் வந்தது. பதினோரு பேர் சொன்னாங்க. ஒரு பேருக்குப் பதில் இல்லை. அவள் மாட்டை அவிழ்க்கப் போயிருக்காள். கயிறு தண்ணியில் ஊறி முடிச்சு இறுகிப்போச்சு, அரிவாளால் அறுத்து மாட்டை விட்டுட்டு இடுப்பளவு தண்ணியில் நடந்து வந்தாள். வந்ததும் நாங்க எல்லாரும் திட்டினோம். "குழுக் கடன் வாங்கி வாங்கின மாடு அக்கா, இன்னும் பதினாலு தவணை இருக்கு" என்று சொன்னாள். அதுக்கு மேல யாரும் எதுவும் பேசலை. அந்த மாடு பிழைச்சது. கொட்டகையில் கட்டிக் கிடந்த வேற ரெண்டு வீட்டு மாடுகள் செத்துப்போச்சு.

விடிஞ்ச பிறகுதான் மற்ற ஊர்ச் செய்தி எல்லாம் தெரிஞ்சது. ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தி வைத்திருந்த வேன், கார் எல்லாத்தையும் தண்ணி இழுத்துக்கிட்டுப் போச்சு. திருவண்ணாமலையில் வ.உ.சி. நகரில் மலை சரிஞ்சு ஒரு வீட்டு மேல பாறையும் மண்ணும் விழுந்து ஏழு பேர் இறந்துட்டாங்க. அதில் ஐந்து பேர் பிள்ளைகள். அதைக் கேட்டப்போ நம்ம கஷ்டத்தைச் சொல்லவே வாய் வரலை.

இன்னொண்ணையும் யோசிச்சுப் பாருங்க. நம்ம பக்கம் விழுந்த தண்ணி நம்ம ஊரோட நிக்கலை. பாம்பாற்றிலும் ஓடைகளிலும் ஓடி தென்பெண்ணை ஆற்றில் சேர்ந்து சாத்தனூர் அணைக்குப் போச்சு. அங்கே தாங்க முடியாமல் டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலையில் வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டாங்க. அந்தத் தண்ணி விழுப்புரம், கடலூர் மாவட்டத்துக் கரையோர ஊர்களுக்குள்ளே புகுந்தது. அந்த ஊர்களிலும் நம்மை மாதிரி குழுப் பெண்கள்தான் இருக்காங்க. புயல் கரையைக் கடந்து ரெண்டு நாள் கழிச்சு, மழை விட்ட பிறகு, அவங்க வீட்டுக்குத் தண்ணி வந்திருக்கு.

இனி இழப்புக் கணக்குக்கு வர்றேன். இதுதான் நான் முக்கியமாச் சொல்ல வந்தது.

அரசாங்கம் நிவாரணம் அறிவிச்சது. நெல் மாதிரி பாசனப் பயிர் மூணில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 33 சதவீதமும் அதுக்கு மேலும் சேதமாகி இருந்தால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500. பல வருஷப் பயிர், மரங்களுக்கு 22,500. குடிசை சேதத்துக்கு 10,000. பசு, எருமை செத்திருந்தால் 37,500, ஆடு 4,000, கோழி 100 ரூபாய். ஹெக்டேர் என்றால் ரெண்டரை ஏக்கர். அப்போ ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஏழாயிரம் ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவா வரும். நட்டது, களை எடுத்தது, உரம் போட்டது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அது போதாதுதான். ஆனாலும் வந்தால் ஒரு உதவி.

யாருக்கு வந்தது? பட்டா யார் பேரில் இருக்கோ அவங்களைத் தேடி வந்தது. நம்மில் எத்தனை பேர் பேரில் பட்டா இருக்கு? கை தூக்கச் சொன்னால் பத்துக் கை கூட வராது. எங்க குழுவில் மூணு பேர் குத்தகைக்கு ஓட்டுறாங்க. வாய்ப் பேச்சுக் குத்தகை, தாளில் எதுவும் இல்லை. மரவள்ளிக் கிழங்கு போட்டிருந்தாங்க. நிலத்தில் தண்ணி நின்னதில் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிடுச்சு. மேலே பார்த்தால் செடி பச்சையா நிக்குது, பிடுங்கிப் பார்த்தால் நாத்தம். பார்க்க வந்தவங்க செடியைப் பார்த்துட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிட்டுப் போனாங்க. அப்படிக் கணக்கில் ஏறாமல் போனது பெண்கள் உழைப்பு.

மாடு செத்த ரெண்டு வீட்டில், ஒரு வீட்டுக்குத்தான் பணம் வந்தது. அந்த வீட்டுக்காரங்க கால்நடை டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுக்கிற வரைக்கும் காத்திருந்தாங்க. நாங்களும் குழுத் தீர்மான நோட்டில் இருந்து, என்ன தேதியில் மாடு வாங்கக் கடன் கொடுத்தோம், என்ன தொகை, காது வில்லை நம்பர் என்ன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். இன்னொரு வீட்டில் நாத்தம் தாங்காமல் அன்னைக்கே குழி தோண்டிப் புதைச்சிட்டாங்க. போட்டோ கூட இல்லை. அப்புறம் எத்தனை தடவை நடந்தும் "ஆதாரம் எங்கே" என்ற ஒரே கேள்விதான். ரெண்டு மாடும் ஒரே ராத்திரி செத்தது, ரெண்டு வீட்டுக் கஷ்டமும் ஒண்ணுதான். ஒரு துண்டுச் சீட்டு, அதுதான் வித்தியாசம்.

கணக்கிலேயே வராத இழப்பு இன்னும் நிறைய. தையல் மிஷின் தண்ணியில் மூழ்கினது, இட்லிக் கடை மாவு கிரைண்டர் போனது, தீபத்துக்கு விக்கலாம்னு செஞ்சு அடுக்கி வைத்திருந்த அகல் விளக்கு கரைஞ்சது, கடைக்கு வாங்கி வைத்த மளிகை ஊறினது. ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைங்க மார்க் ஷீட் எல்லாம் கூழாப் போனது. மாதவிடாய் வந்த பெண்கள் மண்டபத்தில் பட்ட பாடு, கழிப்பிடம் இல்லாமல் ராத்திரி முழுக்கத் தண்ணி கூடக் குடிக்காமல் இருந்தது, இதையெல்லாம் எந்தப் படிவத்தில் எழுதுறது?

அதுக்கு நடுவில் அஞ்சாவது நாளே தனியார் நிறுவனம் ஒண்ணில் இருந்து வாரத் தவணை வசூலுக்கு ஆள் வந்துட்டார். சேறு கூட வழிச்சுப் போடலை. எங்க குழுப் பெண்கள் எல்லாரும் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். சண்டை போடலை. "தம்பி, நீங்களும் சம்பளத்துக்கு வந்தவர், உங்களைக் குறை சொல்லலை. வீட்டைப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்று சொன்னோம். பார்த்துட்டு அவரே தலையைக் குனிஞ்சுக்கிட்டு, மேலே பேசி ஒரு மாசம் தள்ளி வாங்கித் தந்தார். தனியா ஒருத்தி நின்னிருந்தால் அது நடந்திருக்காது. தெரிஞ்சு வைச்சுக்கோங்க, ரிசர்வ் வங்கி விதிப்படி இந்த மாதிரிக் கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்குப் பின்னாடியும் யாரும் வசூலுக்கு வரக்கூடாது.

மழையைத் திட்டிப் பேசறதா யாரும் நினைக்க வேண்டாம். அந்த மழையில்தான் பல வருஷமா வறண்டு கிடந்த கிணறு எங்க ஊரில் கைக்கு எட்டுற அளவுக்குத் தண்ணி ஏறுச்சு. போர் போட்டும் காத்து வந்த இடத்தில் தண்ணி வந்தது. அடுத்த போகம் நல்லா விளைஞ்சது. மழை வேணும். அது வர்ற நாளில் நாம் தயாரா இருக்கணும். வர்ற அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் இருக்கும். அதுக்குள்ளே நம்ம கூட்டமைப்பு சில முடிவு எடுக்கணும்னு கேட்டுக்கிறேன்.

முதலாவது, எச்சரிக்கை. வானிலை மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் சொல்றாங்க. 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யும் என்றால் அது அதி கனமழை, சிவப்பு. ஒவ்வொரு ஊரிலும் ஒரு உறுப்பினர் அதைப் பார்த்து மத்தவங்களுக்குச் சொல்ற பொறுப்பை எடுத்துக்கணும். புயல் கரையைக் கடந்தது என்று செய்தி வந்தால், அதுக்கு அப்புறம் ரெண்டு நாள் கண் விழிச்சிருக்கணும். அது எந்தப் பக்கம் நகருது, எவ்வளவு மெதுவா நகருது என்று பார்க்கணும். மேல் ஏரி ஊரில் இருக்கிற குழுவும் கீழ் ஏரி ஊரில் இருக்கிற குழுவும் போன் நம்பர் மாத்தி வைச்சுக்கணும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை நம்பர் 1077, மாநிலத்துக்கு 1070. இதை எல்லா வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்கச் சொல்லுங்க.

ரெண்டாவது, பட்டியல். தாழ்வான இடத்தில் இருக்கிற வீடு, மண் சுவர் வீடு, கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரங்க, நடக்க முடியாதவங்க, தனியா இருக்கிற பெரியவங்க, மாடு கட்டியிருக்கிறவங்க, இதை முன்கூட்டியே எழுதி வைக்கணும். குழுவில் இல்லாதவங்க பேரும் அதில் இருக்கணும். மண் சுவர் விஷயத்தில் ஒண்ணு சொல்றேன். மழையில் நிக்கிற சுவர், வெயில் வந்து காயும்போதுதான் விழும். எங்க ஊரில் மூணாம் நாள்தான் விழுந்தது. மழை விட்டதும் உள்ளே போய்ப் படுக்காதீங்க.

மூணாவது, சாவி. பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம் இதுகளுக்கு ஒரு சாவி ஊருக்குள்ளேயே இருக்க ஏற்பாடு செய்யணும்னு பஞ்சாயத்தில் மனு கொடுக்கணும். அங்கே பெண்களுக்குக் கழிப்பிடம் திறந்திருக்கணும்.

நாலாவது, தாள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ் புக், பட்டா, பிள்ளைங்க சான்றிதழ் எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, ஒரிஜினலை பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரமான இடத்தில் வைக்கணும். போனில் போட்டோ எடுத்து, வெளியூரில் இருக்கிற அண்ணன், தம்பி யாருக்காவது அனுப்பி வைங்க. குத்தகைக்கு ஓட்டுறவங்க, அடங்கலில் உங்க பேர் ஏற முடியுமா என்று இப்பவே கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்க. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி தேதி என்னன்னு விசாரிச்சுக் கட்டுங்க.

அஞ்சாவது, இழப்புப் பதிவேடு. சேமிப்புக்கு நோட்டு இருக்கு, கடனுக்கு நோட்டு இருக்கு, இழப்புக்கும் ஒரு நோட்டு வேணும். வெள்ளம் வடிஞ்ச அன்னைக்கே வீடு வீடாகப் போய், என்ன போச்சு, எத்தனை போச்சு, யாரோடது என்று எழுதி, போட்டோ எடுத்து, ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். மாடு, ஆடு செத்தால் டாக்டர் பார்க்கிறதுக்கு முன்னாடி புதைக்க வேண்டாம். கிழங்கு மாதிரிப் பயிரைப் பிடுங்கிக் காட்டணும். தையல் மிஷின், கிரைண்டர் எல்லாத்தையும் எழுதணும். நிவாரணம் அதுக்கு இல்லை என்று சொன்னாலும் எழுதணும். எழுதி வைத்தால்தான் நாளைக்கு மனுவில் கேட்க முடியும்.

ஆறாவது, தவணை. எங்க ஊரில் ரெண்டு மாசத் தவணையைக் கூட்டமைப்பு தள்ளி வைத்தது. அதுக்காகத் தலைவி அக்காவுக்கு நன்றி. ஆனால் அது அவங்க நல்ல மனசால் நடந்தது. இனிமேல் அது விதியாகவே இருக்கணும். சிவப்பு எச்சரிக்கை வந்து ஊர் பாதிச்சால் ரெண்டு மாசம் தவணை, அபராதம் கிடையாது என்று தீர்மான நோட்டில் ஏறணும். நலிந்தவங்களுக்கு ஒதுக்குற நிதியில் ஒரு பங்கு அந்த அவசரத்துக்கு என்று ஒதுக்கணும். அப்போ இன்னொரு தடவை நம்மில் ஒருத்தி பதினாலு தவணையை நினைச்சு இடுப்பளவு தண்ணியில் இறங்க மாட்டாள். மாடு போனால் சமாளிக்கலாம் என்ற தைரியம் அவளுக்கு இருக்கும். உயிர்தான் முதலில்.

இந்த ஆறு விஷயத்துக்கும் பெரிய செலவு இல்லை. நோட்டு வாங்க, ஜெராக்ஸ் எடுக்க ஆகிற செலவுதான். மற்றதெல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கு. வாராவாரம் கூடுறோம், பேர் கூப்பிடுறோம், யார் வீட்டில் என்ன என்று தெரியும். எந்த அதிகாரி வந்தாலும் ஒரு நாளில் தெரிஞ்சுக்க முடியாத விஷயம் அது.

இந்தத் தீர்மானங்களை அடுத்த செயற்குழுவில் வைத்து நிறைவேற்றித் தரும்படி தலைவி அக்காவையும் நிர்வாகிகளையும் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊர்ப் பட்டியலை புரட்டாசி முடியறதுக்குள்ளே எழுதிக் கொண்டு வந்து கொடுங்க. எழுதத் தெரியாத குழுவுக்கு நாங்கள் வந்து எழுதித் தருகிறோம், வண்டிச் செலவு கூட வேண்டாம், ஒரு டம்ளர் டீ போதும்.